தோலாசனம்

மனிதன் அமரும் ஆசனங்கள் பல வகைப்படும். அரசனுக்குச் சிம்மாசனம், நீதிபதிக்கு உயர்ந்த மேடை, குடியானவனுக்கு வீட்டுத் திண்ணை என்று உலகம் வகுத்து வைத்திருக்கிறது. இவற்றுள் எதனோடும் சேராத ஆசனம் ஒன்று உண்டு. அதன்மீது அமர்ந்தவன் சும்மா இருத்தல் இயலாது. கால்கள் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும்; இயக்கம் நின்றால் அமர்ந்தவன் தரையில் கால் ஊன்ற வேண்டியதுதான். அதுவே சைக்கிளின் ஆசனம். கடைத்தெருவில் 'சீட்டு' என்று வழங்கும் இச்சிறு பொருளைப் பற்றி, அதிலும் தோலால் செய்யப்படும் பழைய முறை ஆசனத்தைப் பற்றி, இவ்வாரம் சில சொல்ல விரும்புகிறோம்.

இத்துணை அற்பமான பொருளுக்கு ஒரு கட்டுரையா என்று நேயர்கள் கேட்கலாம். நாள்தோறும் உடம்பைத் தாங்கும் பொருள் அற்பமாகாது என்பதே நமது விடை. அன்றியும், இதனைப் பேணும் வழியைப் பேசப் புகுந்தால், நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு நோயைப் பற்றியும் பேசியே ஆகவேண்டும். அதனை அதன் இடத்தில் சொல்வோம்.

நாம் வாழ்வது பேராக் மாநிலத்துத் தைப்பிங் நகரில். தீபகற்ப மலேசியாவில் மழை மிகுந்த ஊர் என்று பெயர் பெற்றது இந்நகரம். பிற்பகலில் குடையின்றி வெளியே செல்பவரை இங்கே அயலூரார் என்று எளிதில் கண்டுகொள்ளலாம். தோலாசனத்திற்கு இதைவிடப் பொருந்தாத ஊர் வேறில்லை என்று நண்பர்கள் நம்மைக் கேலி செய்வதுண்டு. ஆயினும், 2003ஆம் ஆண்டில் வாங்கிய ஒரே தோலாசனத்தின்மீதுதான் நாம் இன்றளவும் அமர்ந்து வருகிறோம். இதற்கிடையில் சைக்கிளின் டயர்கள் பலமுறை மாறின, சங்கிலி மாறிற்று, பிரேக்குக் கட்டைகள் எத்தனை மாறின என்ற கணக்கே இல்லை. ஆசனம் மட்டும் மாறவில்லை. ஆகவே, இதைப் பற்றிச் சொல்ல நமக்குச் சிறிது உரிமை உண்டென்று நம்புகிறோம்.

முதலில் அதன் அமைப்பை அறிதல் வேண்டும். ஆசனத்தின் பின்புறம் வளைந்த எஃகுத் தகடு ஒன்று. முன்புறம் மூக்குப் போன்ற சிறு இரும்பு ஒன்று. இவ்விரண்டிற்கும் இடையே, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒற்றைத் தோல் இழுத்துக் கட்டப்பட்டு, ஓரங்களில் தறையாணிகளால் அறையப்பட்டிருக்கும். தோலுக்கு அடியில் பஞ்சும் இல்லை, பலகையும் இல்லை, வெற்றிடமே உண்டு. ஏணையில் துணி தொங்குவது போலத் தோல் அங்கே தொங்குகிறது. உடம்பின் பாரம் ஏறும்பொழுது அது சற்றே வளைந்து கொடுக்கிறது. அடியில் ஓடும் இரண்டு எஃகுக் கம்பிகள் சைக்கிளின் தண்டோடு அதனைப் பிணைக்கின்றன. சில ஆசனங்களில் பின்புறம் சுருள்வில்லும் இருக்கும்.

இவ்வமைப்பை உலகெங்கும் பரப்பிய பெருமை ஆங்கில நாட்டுப் புரூக்ஸ் கம்பெனியைச் சாரும். ஜான் போல்ட்பீ புரூக்ஸ் என்பவர் 1866ஆம் ஆண்டு பர்மிங்காம் நகரில் குதிரைச் சேணமும் தோற்பொருள்களும் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவருடைய குதிரை இறந்துபோகவே, ஒரு சைக்கிளை இரவல் வாங்கி ஏறினாரென்றும், அதன் கட்டை ஆசனம் தந்த வேதனை தாளாமல் தாமே நல்லதொரு ஆசனம் செய்ய முனைந்தாரென்றும் அக்கம்பெனியார் கதை சொல்வர். கதை எவ்வாறாயினும், 1882இல் அவர் சைக்கிள் ஆசனத்திற்குக் காப்புரிமை கோரியது வரலாறு. குதிரைச் சேணம் தைத்த கையே சைக்கிளுக்கும் ஆசனம் தைத்தது. 'பி 17' என்னும் அவர்களுடைய மாதிரி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி, பெரிய மாறுதலின்றி 21ஆம் நூற்றாண்டிலும் விற்பனையாகி வருகிறது. 2002இல் கம்பெனி ஓர் இத்தாலிய நிறுவனத்தின் கைக்கு மாறிய பின்னும் அம்மாதிரி நின்றுவிடவில்லை.

இனி, ஆசனத்தைத் தேர்ந்தெடுக்கும் வழியைக் காண்போம். கடைக்குச் செல்லும் நம்மவர் செய்வது யாது? கட்டைவிரலால் ஆசனத்தை அழுத்திப் பார்ப்பர். பஞ்சுபோல் அமிழ்ந்தால் மகிழ்ச்சியோடு வாங்குவர்; கல்போல் நின்றால் ஒதுக்குவர். அழுத்திப் பார்ப்பது கட்டைவிரல். அமரப்போவதோ வேறு உறுப்பு. மனிதன் நிமிர்ந்து அமரும்பொழுது உடற்பாரத்தைத் தாங்குவதற்கென்றே இடுப்பின் அடியில் இரண்டு எலும்பு முனைகள் அமைந்திருக்கின்றன. இருப்பெலும்பு என்பர் மருத்துவர். மெத்தென்ற ஆசனத்தில் இம்முனைகள் ஆழப் புதைந்துபோக, நடுவிலுள்ள பஞ்சு மேலெழுந்து, நரம்பும் இரத்தக் குழாய்களும் செல்லும் மென்மையான இடத்தை நெருக்குகிறது. முதற் பத்து நிமிடம் சுகமாகத் தோன்றும். ஒரு மணி நேரம் சென்றால் மரத்துப்போகும். கடினமான தோலோ, எலும்பு முனைகளைத் தாங்கி, நடுவிடத்தைப் பாரத்திற்கு உள்ளாக்காமல் விடுகிறது. தொடக்கத்தில் சுகம் தருவதெல்லாம் முடிவிலும் சுகம் தரும் என்று எண்ணுவது ஆசனத்தில் மட்டுமா ஏமாற்றுகிறது?

ஆகவே, அளவே முதன்மையானது. வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். பழைய அட்டைப் பெட்டியின் அட்டை ஒன்றைக் கடினமான நாற்காலியின்மீது விரித்து, சற்றே முன்சாய்ந்து அமர்ந்து எழுந்தால், இரு எலும்புகளும் பதிந்த குழிகள் தெரியும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டால் வேண்டிய அகலம் கிடைக்கும். எலும்பு முனைகள் தோலின்மீது அமர வேண்டுமேயன்றி, பின்புறத்து எஃகுத் தகட்டின் விளிம்பின்மீது அமரலாகாது. பெண்களுக்கு இவ்வெலும்புகள் சராசரியாகச் சற்று அகன்றிருப்பதால், அவர்களுக்கென்று அகன்று குறுகிய மூக்குடைய ஆசனங்கள் உண்டு.

அகலத்தோடு, வண்டியில் அமரும் விதத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சந்தைக்கும் கோவிலுக்கும் நிமிர்ந்த நிலையில் மெல்லச் செல்பவருக்கு, பாரம் முழுவதும் பின்புறமே விழும். அவருக்கு ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் அகலமும் சுருள்வில்லும் உடைய ஆசனம் தக்கது. முன்சாய்ந்து நெடுந்தூரம் செல்பவருக்கு, 17 சென்டிமீட்டர் அளவில் வில்லில்லாத ஆசனம் போதும். கடையில் வாங்கும்பொழுது தோலின் ஓரத்தைப் பாருங்கள். அடுக்கடுக்காகப் பிரியாமல் ஒரே கட்டியாக இருக்க வேண்டும். தறையாணிகளைச் சுற்றி வெடிப்பு இருத்தல் கூடாது. பழைய ஆசனம் வாங்குபவர் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் காசைக் கொடுக்கவே கூடாது. மேற்புறத்தை மெழுகு பூசி மினுக்கிவிடலாம், அடிப்புறம் பொய் சொல்லாது.

புதிய தோலாசனம் முதற் சில நூறு கிலோமீட்டருக்கு விருந்தாளியைப் போல விறைப்பாகவே இருக்கும். பொறுமை வேண்டும். நாளடைவில், இருப்பெலும்புகள் பதியும் இரண்டு இடங்களிலும் மெல்லிய பள்ளங்கள் தோன்றும். அவை அமர்பவருடைய உடம்பின் அச்சு. ஆசனம் அவருக்கே உரியதாகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. இதனை விரைவுபடுத்த எண்ணித் தோலை எண்ணெயில் ஊறவைப்போர் உண்டு. அது பெருந்தவறு. எண்ணெய் குடித்த தோல் உறுதி கெட்டு, தொய்ந்த கயிற்றுக் கட்டில்போல் ஆகிவிடும். நம் நாட்டில் தேங்காயெண்ணெய் எளிதில் கிடைப்பதால் கை அதனிடமே செல்லும். அது 24 பாகை வெப்பத்திலேயே உருகிவிடுவது. நம் ஊர் வெயிலில் எப்பொழுதும் நீராகவே நின்று, தோலின் நரம்புகளுக்குள் தங்குதடையின்றி இறங்கிவிடும். தலைக்கு நல்லது, ஆசனத்திற்கு ஆகாது.

தோலுக்கு வேண்டியது கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த கெட்டியான களிம்பு. வாங்கிய புதிதில் மேலும் கீழும் மெல்லப் பூசி, ஓரிரவு விட்டு, மறுநாள் துணியால் தேய்த்துத் துடைக்க வேண்டும். அடிப்புறத்தில் தோல் பண்படாமல் திறந்திருப்பதால் முதற்பூச்சு அங்கே இன்றியமையாதது. அதன் பின்னர் ஆண்டிற்கு மூன்று அல்லது நான்கு முறை மேற்புறத்தில் மட்டும் பூசினால் போதும். தொடக்க நாட்களில் தோலின் சாயம் ஆடையில் ஒட்டும் என்பதையும் சொல்லிவைக்கிறோம். புது ஆசனத்தின்மீது வெள்ளை வேட்டியோடு ஏறித் திருமண வீட்டிற்குச் செல்பவர் பந்தியில் எழுந்து நிற்கத் தயங்க நேரும்.

மழையே தோலின் முதற்பகை. நனைந்த தோல் நெகிழும். நெகிழ்ந்த தோலின்மீது பாரம் ஏறினால் நீளும். நீண்டது மீண்டும் சுருங்காது. ஆகவே மழை தூறத் தொடங்கியவுடன் ஆசனத்திற்கு உறையிட வேண்டும். மேலிருந்து விழும் மழையைவிடப் பின்சக்கரம் அள்ளி வீசும் சேற்று நீரே அடித்தோலைக் கெடுப்பதாதலால், மட்கார்டு இல்லாத வண்டியில் தோலாசனம் பூட்டுவது வீண். இவ்வளவும் செய்தும் நனைந்துவிட்டால், வெயிலில் வைக்காதீர்கள். அடுப்பருகே கொண்டு செல்லாதீர்கள். வெப்பத்தில் விரைந்து காயும் தோல் சுருங்கி வெடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில், ஓரிரண்டு நாள் தானே உலரவிட்டு, பின்னர்க் களிம்பு பூச வேண்டும். அதுவரை அதன்மேல் ஏறாமல் நடந்து செல்வதே ஆசனத்திற்கு நாம் செய்யும் மரியாதை.

இரண்டாவது பகை பூஞ்சணம். குளிர்நாட்டார் எழுதிய குறிப்புகளில் இதற்கு அதிக இடமில்லை. நம் நாட்டிலோ இதுவே அன்றாடத் தொல்லை. பிளாஸ்டிக் உறையை மாட்டி ஒரு வாரம் மூடிய அறையில் நிறுத்திவிட்டால், திறந்து பார்க்கும்பொழுது ஆசனம் நரைத்துக் கிடக்கும். உறை மழைக்கு மட்டுமே; மழை நின்றவுடன் கழற்றிவிட வேண்டும். பூஞ்சணம் படர்ந்துவிட்டால் வீட்டிற்கு வெளியே கொண்டுசென்று, உலர்ந்த துணியால் துடைத்து, நீர் கலந்த வினிகரில் பிழிந்த துணியால் மெல்ல ஒற்றியெடுத்து, நிழலில் உலர்த்தி மெழுகிட்டால் நீங்கும். எனினும், நாள்தோறும் ஏறிச் செல்லும் வண்டியின் ஆசனத்தில் நாம் பூஞ்சணத்தைக் கண்டதில்லை. சும்மா கிடக்கும் ஆசனத்தையே அது பற்றுகிறது.

மூக்கின் அடியில் ஒரு திருகாணி இருக்கும். தோல் தொய்ந்தால் இழுத்துக் கட்டுவதற்கு அது. அதற்கென்று ஸ்பானரும் கூடவே வரும். கருவி கையில் இருக்கிறதே என்று திருகிக்கொண்டே இருப்போர் பலர். மிகுதியாக இழுக்கப்பட்ட தோல் தறையாணி அருகே கிழிந்துவிடும். தொய்வு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் கால் சுற்று திருகி, சில வாரம் ஓட்டிப் பார்த்து, வேண்டுமானால் மீண்டும் கால் சுற்று. நாம் இருபது ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திருகியதில்லை. பக்கங்கள் வெளியே விரிந்தால் அடியில் துளையிட்டுக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவது பழைய, நல்ல வழக்கம்.

இவ்வளவு நாள் ஒரு தோல் அழுகாமல் இருப்பது எவ்வாறு? பதனிடும் கலையால். செத்த விலங்கின் தோல் இரண்டொரு நாளில் நாறத் தொடங்கும். மரப்பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நார்களோடு பிணைந்து அவற்றை அழுகாமற் காக்கிறது. குரோமிய உப்பினால் விரைவில் பதனிட்ட தோல் மென்மையானது. காலணிக்கும் கையுறைக்கும் ஏற்றது. பட்டையால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பதனிட்ட தோலே விறைப்பாக நின்று, அச்சில் வார்த்த உருவத்தை விடாமல் காக்கும். சைக்கிள் ஆசனத்திற்கு வேண்டியது இதுவே. தைப்பிங்கிலிருந்து கோலா செப்பாத்தாங் செல்லும் வழியில் நாம் வண்டியை நிறுத்திக் காணும் காடு, மலாய் மக்கள் பாக்காவ் என்னும் கண்டல் மரக்காடு. அதன் பட்டையிலும் இத்துவர்ப்பு மிகுதி. முற்காலத்து மீனவர் தம் பருத்தி வலைகளை அப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து உப்புநீரிலிருந்து காத்தனர். தமிழகத்திலோ ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இத்தொழிலைச் செய்தன. ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னையிலிருந்து லண்டன் சந்தைக்குக் கப்பலேறிற்று. அது மெல்லிய தோல். சைக்கிள் ஆசனத்திற்கு உரிய தடித்த தோலன்று. ஆயினும் கலை ஒன்றே. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இத்தொழிலால் உலகறிந்தன. 1948இல் சென்னையில் தோல் ஆராய்ச்சிக்கென்றே மத்திய நிலையம் ஒன்று நிறுவப்பட்டது.

இத்துணைப் பெருமைக்குரிய கலையைச் செய்த கைகளை நம் சமூகம் எவ்வாறு நடத்திற்று? முன்னர்க் குறிப்பிட்ட நோய் இதுவே. தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன் என்றனர். ஊருக்கு வெளியே குடியிருத்தினர். ஆனால் முனிவர் அமர்ந்தால் புலித்தோலும் மான்தோலும் புனிதமாயின. மேடையில் முழங்கும் மிருதங்கத்தின் தோலைத் தெய்விக நாதம் என்று தலையசைத்துக் கேட்டனர். அதை வார்பிடித்துக் கட்டியவனை வாயிலில் நிறுத்தினர். தோலின் பயன் வேண்டும். தோல் செய்தவன் வேண்டாம்! இந்தச் சாதி என்னும் சரக்கு கடல் கடந்து வராது என்று எண்ணினோர் ஏமாந்தனர். நம்மவர் ஏறிவந்த கப்பலிலேயே அதுவும் ஏறிவந்து, தோட்டத்து லயங்களில் நம்மோடு குடியிருந்தது.

நம் தந்தையார் பேராக்கில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியராயிருந்தவர். ஆங்கில நாட்டு ராலே சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். பள்ளி விடுமுறை வரும்பொழுதெல்லாம், வீட்டு முன்றிலில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஆசனத்திற்குத் தம் கையாலேயே மெழுகிடுவார். 1958ஆம் ஆண்டு, நமக்கு எட்டு வயது. அவ்வழியே வந்த முதிய கங்காணி ஒருவர் நின்று, "வாத்தியாரே, தோலையெல்லாம் நீங்கள் தொடலாமா? அதற்கென்று பிறந்த பையன் இல்லையா? ஒரு குரல் கொடுத்தால் வந்து செய்துவிட்டுப் போகிறான்" என்றார். அவர் குறித்த பையன் நம் வகுப்பில் நமக்கு அருகே அமர்ந்து படித்தவன். அவ்வேளையில் நம்மோடு விளையாடிக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தான். தந்தையார் தலை நிமிராமலே, "தினமும் இதே தோல்மேல் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போகிறேன், கங்காணி. உட்காரும்போது ஒட்டாத தீட்டு துடைக்கும்போது மட்டும் ஒட்டுமா?" என்றார். கங்காணி மறுமொழி சொல்லாமல் சென்றுவிட்டார். அவர் மனம் மாறிற்று என்று சொல்லமாட்டோம். பிறகும் அவர் அப்பையனுடைய வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்ததை நாம் கண்டதில்லை. ஆனால் அடுத்த விடுமுறையில் தந்தையார் மெழுகுத் துணியை நம் கையில் கொடுத்தார். அன்றுமுதல் அவ்வேலை நம்முடையதாயிற்று.

உயிர்ப்பொருளின் தோலைப் பயன்படுத்தவே மனம் ஒவ்வாதார் சிலர் உண்டு. அது கருணையால் எழுவது, தீட்டால் எழுவதன்று, ஆகவே அதனை மதிக்கிறோம். அவர்களுக்கும் வழியுண்டு. 2013இல் புரூக்ஸ் கம்பெனியாரே, கந்தகமிட்டு வன்மையாக்கிய இயற்கை ரப்பரும் பருத்தித் துணியும் சேர்த்து ஓர் ஆசனத்தை வெளியிட்டனர். மழைக்கு அஞ்சாதது, மெழுகு வேண்டாதது. விடியற்காலை இருளில் ரப்பர் மரம் சீவிய நம் முன்னோரை நினைத்தால், அவ்வாசனத்தின் அடியிலும் உழைக்கும் மனிதனின் கை இருப்பது தெரியும். எதன்மீது அமர்ந்தாலும், யாரோ ஒருவருடைய உழைப்பின்மீதே அமர்கிறோம்.

ஆகவே, தோலாசனம் வாங்க எண்ணும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இது. அளந்து வாங்குங்கள். மென்மைக்கு மயங்காதீர்கள். மழைக்கு உறையும், காற்றுக்குத் திறப்பும் கொடுங்கள். திருகாணியை அதிகம் தொடாதீர்கள். மெழுகிடும் நாள் வந்தால் கடைக்காரனிடமோ வேலையாளிடமோ தள்ளாமல், உங்கள் கையாலேயே, உங்கள் பிள்ளைகள் பார்க்கும்படி முன்றிலில் அமர்ந்து செய்யுங்கள். பிள்ளை அருகே வந்து நின்றால் துணியை அதன் கையிலும் கொடுங்கள்.